அண்ணனின் சட்டைப்பை

யாருடைய சட்டையைப் பார்த்தாலும் என் கை முதலில் பைக்குத்தான் போகும். தொழில் அப்படி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி பிரிக்கிற மேசை என்னுடையது. டாக்டர் கோட்டு, நர்சுகளின் உடுப்பு, நோயாளிகளின் பைஜாமா, எதுவாக இருந்தாலும் என் கையைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போக வேண்டும். கத்தரிக்கோல் எடுத்திருக்கிறேன், மாத்திரை எடுத்திருக்கிறேன், பல்செட்டு எடுத்திருக்கிறேன். குழந்தைகள் வார்டிலிருந்து வந்த ஒரு பைஜாமாவில் உயிரோடு ஆமைக்குட்டி இருந்தது. சந்தேகப்படாமல் கையை விட்டால் ஊசி குத்தும். பார்க்காமல் விட்டால் மூடி கழன்ற ஒரு பேனா மொத்தத் துணியையும் நாசமாக்கும். கூடத்தில் எனக்குப் போலீஸ் என்று பெயர். வைத்தவன் இஸ்திரி மிஷின்காரன். அவனுக்கு நீராவி என்று நான் பெயர் வைத்தேன், சரிக்குச் சரியாகிவிட்டது.

என் அண்ணனும் அங்கேதான். பெரிய டிரம் மிஷின் ஓட்டுகிறான். அண்ணி இறந்தபோது அவர்கள் மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் என் புருஷன், டார்ச்சுக்கு பேட்டரி வாங்கி வருகிறேன் என்று கடைக்குப் போனவன், போனவனே போய்விட்டான். ஆக ஆளுக்கொரு காரணத்தோடு அண்ணனும் நானும் ஒரே வீட்டில் சேர்ந்தோம். புருஷன் போவதற்கு முன்னால் அவன் சட்டைப்பையை ஒரு தடவை பார்த்திருந்தால் டிக்கெட் கையோடு மாட்டியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் உண்டு. அதற்குப் பிறகு வீட்டிலும் பையைப் பார்க்காமல் ஒரு துணியையும் நான் துவைத்ததில்லை.

அண்ணன் மகளை வளர்த்து ஆளாக்கியது நான்தான். அவள் கல்யாணமாகி மாப்பிள்ளையோடு வெளிநாட்டில் இருக்கிறாள். இப்போது வயிற்றில் ஆறு மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டீ ஆறிப்போகிற வரைக்கும் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான் அண்ணன். இவன் எதையோ மென்று முழுங்குகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"மககிட்டயே போயிடலாம்னு இருக்கேன். ஒரேயடியா," என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டான். ஃபண்டை எடுத்துவிடப் போகிறானாம்.

ஃபண்டு என்பது மாதாமாதம் சம்பளத்திலிருந்து பிடித்து வைக்கிற பணம். ஓய்வு வயது வருகிறவரை அதைத் தொட முடியாது. கூரை ஒழுகுகிறது என்று அழுதாலும் தரமாட்டார்கள். நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகிறவனுக்கு மட்டும் முன்கூட்டியே முழுசாகக் கொடுப்பார்கள். அதற்கு அவன் அதிகாரி முன்னால் நின்று, இனி இங்கே குடியிருக்கவோ வேலை பார்க்கவோ திரும்பி வரமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவைதான். பிறகு மனசு மாறி வந்து நின்றால் ஃபண்டும் இருக்காது, டிரம் மிஷினில் வேறு ஒருவன் நின்றுகொண்டிருப்பான். அண்ணனுக்குச் சொத்து என்று சொல்ல அது ஒன்றுதான். அதையும் எடுத்து அங்கே கரைத்துவிட்டால், வயசான காலத்தில் பிறத்தியார் முகத்தைப் பார்த்துத்தான் ஒரு வாய் சாப்பிட வேண்டும். ஏதாவது சண்டை வந்தால் ஊர் பேர் தெரியாத இடத்தில் நடுத்தெருவில் நிற்க வேண்டும்.

எனக்கு உடனே பொறி தட்டியது. இது அண்ணன் யோசனையே இல்லை, மாப்பிள்ளை வேலை.

மாப்பிள்ளையிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் என் குறை. சிடுசிடுக்காத மனுஷன் உண்டா? ஃபோன் பண்ணினால் "சின்னம்மா, மூட்டுவலி எப்படி இருக்கு?" என்பான். பெற்ற பிள்ளை கேட்குமா இப்படி? ஹீட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுக்கப்போவதாகப் போன மாதம்தான் சொன்னான். கடையை எடுக்கிறவனுக்குப் பணம் வேண்டும். மாமனாருக்கு ஃபண்டு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க நான் பெரிய படிப்பு படித்திருக்க வேண்டியதில்லை.

அன்றிலிருந்து அண்ணனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மகளோடு ஃபோன் பேசும்போது மாடிப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். முன்பெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். சட்டைப்பையில் ஒன்றும் சிக்கவில்லை. முன்பெல்லாம் இருமல் மிட்டாய் உறை, பஸ் டிக்கெட், ஒரு பொத்தான் என்று ஏதாவது கிடக்கும். இப்போது பை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒன்றும் இல்லாத பை என்றால்தான் எனக்கு அதிக பயம். யாரோ யோசித்துக் காலி பண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிறகுதான் நூல் விவகாரம்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம். சனிக்கிழமை கடைசி டிரம்மில் வேலை செய்கிறவர்கள் தங்கள் வீட்டுத் துணியைப் போட்டுக்கொள்ளலாம். எல்லார் துணியும் ஒன்றாகச் சுற்றும். கலந்துவிடாமல் இருக்க, வீட்டுக்கு ஒரு அடையாளம், கழுத்துப்பட்டையின் உள்பக்கம் நூலில் தைத்திருக்கும். நீராவி வீட்டுக்கு மூன்று மஞ்சள். எங்கள் வீட்டுக்கு இரண்டு சிவப்பு, ஒரு பச்சை. யார் எந்தக் குடும்பம் என்று சட்டையைத் திருப்பியே சொல்லிவிடுவோம். அண்ணன் மகள் கல்யாணமாகிப் போகும்போதுகூட அவள் துணியில் இருந்த நூலை நான் பிரிக்கவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் அண்ணன் சட்டையைத் திருப்பினால் நூல் இல்லை. ஊசி போன ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன. அடுத்த சட்டையைத் திருப்பினேன், அதிலும் இல்லை. எல்லாச் சட்டையிலும் உட்கார்ந்து பொறுமையாகப் பிரித்திருக்கிறான். மனுஷன் ஒரு பொத்தான் விழுந்தால் தைக்கச் சோம்பல்படுகிறவன், இதற்கு மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

"என்ன அண்ணே இது? உறவை அறுக்கறதா இருந்தா வாயால சொல்லிட்டுப் போயேன்," என்று கேட்டேன்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. நீராவிதான் சொன்னானாம். ஃபண்டு ஆபீசில் இங்கே உறவு இருக்கிறதா என்று துருவித் துருவிப் பார்ப்பார்களாம். ஒரே வீட்டில் ஒரு உறவு இருந்தாலும், இவன் திரும்பி வந்துவிடுவான் என்று மனுவைத் தள்ளிவிடுவார்களாம். அதனால் ஒரு தடயமும் இருக்கக்கூடாதாம்.

நேரே நீராவியிடம் போனேன். கூடத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் வக்கீல் அவன்தான். அவனுக்குத் தெரிந்த ஒருவன் பெண்டாட்டியை இங்கேயே விட்டுவிட்டு நிரந்தரமாகப் போகிறேன் என்று மனு கொடுத்தானாம், தள்ளிவிட்டார்களாம். பெண்டாட்டிக்கே அப்படி என்றால் தங்கச்சிக்குக் கேட்கவே வேண்டாம் என்று இவனாக முடிவு கட்டிவிட்டான். ஆபீஸ்காரர்கள் எதற்கு ஐயா கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்து, நீ பார்க்க மாட்டியா என்றான். சலவைக்காரப் புத்தி. ஊரில் உள்ள அத்தனை பேரும் சட்டையைத் திருப்பித்தான் மனுஷனை எடைபோடுகிறார்கள் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு.

ஆனால் இவ்வளவு தடயம் அழிக்கச் சொல்லி அண்ணனை முடுக்கிவிடுகிறவன் யார்? அன்று மத்தியானமே மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று தயாராகத்தான் இருந்தேன். மாமனார் காசில் கடை விரிக்க வெட்கமாக இல்லையா என்பது வரைக்கும் வந்துவிட்டேன்.

"சின்னம்மா, நீங்க என்ன சொல்றீங்கன்னே எனக்குப் புரியல. குழந்தை பிறக்கிற சமயம் மாமாவை ரெண்டு மாசம் வந்து இருந்துட்டுப் போகச் சொன்னோம். உங்களையும்தான் கூப்பிட்டோம். உங்களுக்கு லீவு இல்லைன்னு மாமா சொன்னாங்களே?"

என்னைக் கூப்பிட்டது எனக்கே தெரியாது. ஃபண்டு என்ற வார்த்தையே அவனுக்குப் புதிது. கடைக்குப் பணம் பேங்கில் ஏற்கெனவே கிடைத்துவிட்டதாம். ஃபோனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். இத்தனை நாள் யாரைச் சந்தேகப்பட வேண்டுமோ அவனை விட்டுவிட்டு எங்கேயோ கல்லெறிந்திருக்கிறேன். ஒரே வீட்டில், ஒரே மேசையில் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தவன்தான் ஆள்.

அண்ணனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருப்பான், தெரியும். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் சரி என்று இருந்துவிட்டேன். அதற்கு அவனே வழி பண்ணிக் கொடுத்தான். ஃபண்டு ஆபீசுக்கு அவனைத் தெரிந்த ஒரு சாட்சி வர வேண்டும். நீராவிக்கு அன்று டியூட்டி. வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தான்.

"கூட வேலை பாக்கறவன்னு சொல்லு. தங்கச்சின்னு மட்டும் வாய விட்டுடாத," என்றான்.

சரி என்றேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அதுவே அவனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். போகிற அன்று என் கழுத்தைச் சுற்றி ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொள்ளச் சொன்னான். என் சட்டையில் இரண்டு சிவப்பும் ஒரு பச்சையும் இருக்கிறதாம். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் கழுத்தை மூடிக்கொண்டு, களவாணிக்குக் கூட்டாளி மாதிரி பஸ்ஸில் உட்கார்ந்து போனேன்.

ஆபீசில் எங்களைக் கூப்பிட்டது ஒரு சின்னப் பெண். ஜலதோஷம் போல, மூக்கு சிவந்திருந்தது, மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி இருந்தது. நான் பயந்த மாதிரி விறைப்பான ஆள் இல்லை. ஆனால் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. சத்தியம் செய்தால் என்ன அர்த்தம் என்று அண்ணனுக்கு நிதானமாகச் சொன்னாள். பணம் வந்துவிடும். ஆனால் இந்தக் கதவு ஒரு தடவைதான் திறக்கும், பொய் சொல்லி எடுத்தால் வழக்கு வரும். அண்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். மேல்சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், யாரோ பிடுங்கிவிடுவார்கள் என்பது போல.

அங்கே யாரோடு இருக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். மகளோடு என்றான். இங்கே குடும்பம் என்று யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"யாரும் இல்லீங்க," என்றான் அண்ணன்.

அவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. திக்கவில்லை, திணறவில்லை. அவன் அப்படித்தான் சொல்லப் போகிறான் என்று தெரிந்துதான் நான் வந்தேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, இவரை எப்படித் தெரியும் என்று கேட்டாள். கூட வேலை பார்க்கிறவள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கை என்னமோ துப்பட்டாவை உருவி மடியில் போட்டுவிட்டது.

"நான் இவரு தங்கச்சி. கூடப் பொறந்தவ. ஒரே வீட்லதான் இருக்கோம்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தங்கச்சி இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே. அது ஒரு தடையே இல்லையே. இதை எதுக்கு மறைச்சீங்க?" என்று அண்ணனைக் கேட்டாள்.

வந்த வேகத்தில் மிச்சத்தையும் நானே போட்டு உடைத்தேன். மகள் கூப்பிட்டது இரண்டு மாதத்துக்குத்தான், நிரந்தரமாக வருவது அவளுக்கே தெரியாது என்றேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. மனுவை மூடி அண்ணன் பக்கமே தள்ளி வைத்தாள். இன்றைக்கு வேண்டாம், மகளிடம் பேசிவிட்டு, நிஜமாகவே திரும்பி வரமாட்டோம் என்று தோன்றினால் வாருங்கள் என்றாள். ஒரு தடவை எடுத்துவிட்டு இரண்டாவது தடவை கேட்டால் இந்தக் கதவைத் திறக்க அவளாலும் முடியாது என்று எழுந்து நின்று சொன்னாள்.

பஸ் நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நான்தான் முதலில் பாய்ந்தேன். யாரை ஏமாற்றப் பார்த்தாய், பெற்ற மகளுக்கே தெரியாமல் போய் இறங்கி எங்கே குடியிருக்கப் போகிறாய், உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று பொரிந்து தள்ளினேன். அண்ணன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம் வாடகைக்குப் பிடிக்கலாம்னு இருந்தேன். கையில காசு இருந்தா யாருக்கும் பாரமில்ல. அதுக்குத்தான் ஃபண்டு," என்றான்.

"இங்க இருக்கறது ரூம் இல்லையா?"

சண்டைக்கு வராத குரலில், என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"இத்தனை வருஷமா என் பையில ஒரு மிட்டாய் உறை கிடந்தாக்கூட உனக்குத் தெரியுது. யாரைப் பாத்தேன், எங்க டீ குடிச்சேன், எல்லாம் தெரியுது. நான் திருடன் இல்ல. உன் புருஷனும் இல்ல. ராத்திரி பையில ஒண்ண வச்சா, காலையில அது அங்கயே இருக்கணும். அந்த மாதிரி ஒரு இடத்துல கொஞ்ச நாள் இருந்துட்டுச் சாகணும்னு தோணிச்சு. அவ்ளோதான்."

அதற்கா சத்தியம், அதற்கா ஃபண்டு, அதற்கா ஊரைவிட்டே போவது என்று கேட்க நினைத்தேன். அதற்குத்தான் என்று அவன் சொல்லிவிட்டானே. பஸ் வந்தது. அவன் முன்னால் ஏறினான், நான் பின்னால் ஏறினேன், தனித்தனி சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தோம்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பாத்திரம் மட்டும்தான் சத்தம் போட்டது. வெள்ளிக்கிழமை அண்ணனே பேச்சை எடுத்தான். மனுவை இப்போதைக்குக் கொடுக்கப் போவதில்லையாம். மகள் சொன்னபடி இரண்டு மாதம் போகிறானாம்.

"வருவியா?" என்று கேட்டேன்.

"வருவேன்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். அங்க போய் யோசிக்கறேன். வரதா இல்லன்னா அங்கயும் நம்ம நாட்டு ஆபீஸ் ஒண்ணு இருக்கும், அது மூலமா ஃபண்டக் கேட்டுக்கலாமாம். நீராவி சொன்னான்," என்றான்.

நீராவி சொன்னானாம். அப்போதுகூட எனக்கு அவன் மண்டையில் ஒன்று போடலாம் போல இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. கடைசி டிரம்முக்கு எல்லார் வீட்டுத் துணியும் என் மேசைக்கு வந்தது. நீராவி வீட்டுத் துணியில் ஒரு சீப்பு எடுத்தேன். அப்புறம் அண்ணன் சட்டை. நூல் இல்லாத சட்டை. தூக்கும்போதே தெரிந்துவிட்டது, மேல்பை கனத்தது. ஏதோ கெட்டியாக உள்ளே இருந்தது. என் கை தானாகப் போய்விட்டது, பையின் விளிம்பில் இரண்டு விரல் நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் டிரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பார்க்காதவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். கள்ளன், எனக்கென்றே வைத்திருக்கிறான் என்று தோன்றியது. வேண்டுமென்றே வைத்தானோ, மறந்து வைத்தானோ, எதுவாக இருந்தாலும் பேனாவாக இருந்துவிட்டால் அத்தனை வீட்டுத் துணியும் போச்சு, கூடமே என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடும்.

"பையில என்னமோ இருக்கு," என்றேன்.

"சாவி," என்றான்.

வீட்டுச் சாவி என் இடுப்பில் இருந்தது. அவன் சாவி கதவுப் பக்கத்து ஆணியில் தொங்குவதைக் காலையில்தான் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு விரலையும் எடுத்துவிட்டு, சட்டையைச் சுருட்டி அவனிடம் கொடுத்தேன். அவன் உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினான்.

டிரம் சுற்ற ஆரம்பித்ததும் உள்ளே தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி. இஸ்திரி மிஷினை விட்டு நீராவி ஓடி வந்தான்.

"ஏய் போலீஸ், உள்ள என்னமோ அடிக்குது, நிறுத்தச் சொல்லு!"

"அடிச்சுட்டுப் போகட்டும்," என்றேன். வியர்வை முதுகில் இறங்கியது. மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மிஷின் நின்றதும் துணியெல்லாம் கறை இல்லாமல்தான் வந்தது. அண்ணன் தன் சட்டையைத் தேடி எடுத்தான். நூல் இல்லாததால் கொஞ்ச நேரம் பிடித்தது, நீராவியின் சட்டையை இரண்டு தடவை தன்னுடையது என்று எடுத்தான். கடைசியில் கண்டுபிடித்து, பைக்குள் கையை விட்டு, அதை மூடின கையாலேயே எடுத்துக் கால்சட்டைக்குள் போட்டுக்கொண்டான். ஈரச் சட்டையை என் மேசையில் வைத்தான்.

"ரெண்டு சிவப்பு, ஒரு பச்சை. ஊருக்குப் போறதுக்குள்ள எல்லாத்துலயும் தச்சு வச்சிரு. வந்ததுக்கப்புறம் கலந்துடப்போகுது," என்றான்.

ராத்திரிவரை பொறுக்காமல் அங்கேயே ஊசியில் சிவப்பு நூலைக் கோர்த்தேன். பையில் இருந்தது என்ன என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆனால் அது சாவி இல்லை.